முதலாளி என்பவர் முதல் போடுபவரா? பொறுப்பு ஏற்பவரா?



எதிரணித் தலைவர் ஒரே வரியில வழக்கை முடிச்சிட்டார். 'முதல் கூட்டல் ஆளி, முதலாளி. முதலை ஆள்கிறவன் முதலாளி. பேரிலேயே தீர்ப்பு இருக்கு, அப்புறம் நடுவர் எதுக்கு?'ன்னு கேட்டார். ஐயா, தொழிலாளி என்ற சொல்லிலும் அதே 'ஆளி' இருக்கே! தொழிலை ஆள்கிறவன் தொழிலாளி. எந்தத் தொழிலாளியாவது தொழிலை ஆண்டு நீங்க பார்த்திருக்கீங்களா? பேரை வெச்சுத் தீர்ப்பு சொல்றதா இருந்தா, எங்க தெருவில குபேரன்னு ஒருத்தர் இருந்தார். மாசக் கடைசியில எங்க வீட்டிலதான் கைமாத்து வாங்குவார். (சிரிப்பு, கைதட்டல்)

ஆகவே பேரை விட்டுவிட்டு ஊருக்குப் போவோம். நான் ஆரணிக்காரி. பட்டு நெசவாளர் வீட்டுப் பெண். ஆரணி என்றால் சரித்திரப் புத்தகத்தில் இரண்டு சண்டை இருக்கும். 1751ஆம் ஆண்டு ராபர்ட் கிளைவ் ஒரு சண்டை போட்டார். 1782ஆம் ஆண்டு ஹைதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் இன்னொரு சண்டை. அந்தச் சண்டையெல்லாம் முடிஞ்சிடுச்சு. ஆனா எங்க ஊரில இன்னும் முடியாத ஒரு வழக்கு இருக்கு. 'இந்தத் தறிக்கு முதலாளி யார்?' என்பதுதான் அந்த வழக்கு.

எங்க ஊருக்கு இரண்டு பெருமை. ஒன்று அரிசி, இன்னொன்று பட்டு. அரிசி ஆலையில் இந்தக் குழப்பமே கிடையாது. அதுக்கு ஒரு கேட் இருக்கு, கேட்டுக்கு மேல ஒரு போர்டு இருக்கு, உள்ளே ஒரு நாற்காலி இருக்கு, நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவர் முதலாளி. பட்டுக்கு கேட் ஏது? ஆரணியில, சேவூரில, முள்ளிப்பட்டில, ஒண்ணுபுரத்தில, தேவிகாபுரத்தில தெருத் தெருவா நடந்து பாருங்க. வீட்டுக்குள்ளேயே தறி. குழியில காலை விட்டு உட்கார்ந்து நெய்வாங்க.

இப்ப கணக்குப் பாருங்க. வீடு யாருடையது? நெசவாளியுடையது. தறி? பெரும்பாலும் அவருடையது. தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கிறது அவருடைய கூடம். ஊடைக்கு நூல் சுத்தித் தருகிறது அவர் சம்சாரம். ஆனா பட்டு யாருடையது? முதலாளியுடையது. ஜரிகை? முதலாளியுடையது. கரை எப்படி, முந்தானை எப்படி, உடலுக்கு என்ன கலர் என்று சொல்கிறவர்? முதலாளி. பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார், நோட்டில் எழுதுவார். புடவையாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை போட்டு வாங்குவார். ஒரு பாவில் மூணு நாலு புடவை. முடிஞ்சா கூலி. அடுத்த பாவு கொடுத்தா வேலை, கொடுக்கலேன்னா தறி சும்மா.

இந்த முதலாளியைப் போய், 'ஐயா, உங்ககிட்ட எத்தனை பேர் வேலை செய்யறாங்க?'ன்னு கேளுங்க. 'என்கிட்ட யாருமே வேலை செய்யலியே! அவங்கவங்க வீட்டில அவங்கவங்க நெய்யறாங்க. நான் நூல் கொடுக்கறேன், புடவை வாங்கறேன்'பார். அதே தெருவில பத்து வீட்டுக்காரங்களைக் கேளுங்க. பத்து பேரும் கையெடுத்துக் கும்பிட்டு, 'எங்க முதலாளி'ம்பாங்க. கும்பிடு வாங்கும்போது முதலாளி, கணக்கு கேட்டா நூல் வியாபாரி! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்தக் கதை நேற்று தொடங்கியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி நம் கரையில் துணி வாங்கிய நாளிலேயே இந்த முறை இருந்தது. கம்பெனி வியாபாரிகளிடம் பணம் கொடுக்கும். வியாபாரிகள் நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார்கள். அந்தக் காலத்து நெசவாளிக்கு ஓர் உரிமை இருந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். வேலை பிடிக்காவிட்டால், வேறு யாராவது நல்ல விலை கொடுத்தால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் விலகிவிடலாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தராசு பிடித்த கம்பெனி கையில் செங்கோலும் வந்தது. வாங்குகிறவனே ராஜாவாகிவிட்டால் விற்கிறவன் யாரிடம் போய் முறையிடுவான்? அந்த உரிமை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

அப்புறம் 1859ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அந்த வருஷத்து 13ஆம் சட்டம். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காத தொழிலாளி மேல் முதலாளி புகார் கொடுத்தால், மாஜிஸ்திரேட் அவனைக் கூப்பிட்டு, 'பணத்தைக் கொடு, இல்லையென்றால் வேலையை முடி' என்று உத்தரவு போடலாம். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். சரி, வேலையை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காத முதலாளிக்கு அந்தச் சட்டத்தில் எத்தனை மாதம்? ஒரு நாள் கூட இல்லை! இந்தச் சட்டம் ஒன்றல்ல, இரண்டல்ல, 60 வருஷத்துக்கு மேல் இருந்தது. 1925ஆம் ஆண்டுதான் அதை நீக்கச் சட்டம் செய்தார்கள்.

'எல்லாம் வெள்ளைக்காரன் செஞ்ச கொடுமை'ன்னு எதிரணி நண்பர் தலையாட்டறார். அவன் ஊரிலயும் இதே கதைதாங்க. இங்கிலாந்தில் அந்தச் சட்டங்களுக்குப் பேரே 'எஜமானன் – வேலைக்காரன்' சட்டம். வேலைக்காரன் ஒப்பந்தத்தை மீறினால் குற்றம், சிறை. எஜமானன் மீறினால் வெறும் சிவில் வழக்கு. தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் போராடி, 1875ஆம் ஆண்டு அதை மாற்றினார்கள். புதுச் சட்டத்துக்கு என்ன பேர் வைத்தார்கள் தெரியுமா? 'முதலாளிகள் – தொழிலாளர்கள்' சட்டம். எஜமானன் என்ற சொல் போய், வேலை கொடுப்பவர் என்ற சொல் வந்தது. வெறும் பேர் மாற்றமா அது? அவன் மீறினாலும் சிவில், இவன் மீறினாலும் சிவில் என்று தராசை நேராக்கிய மாற்றம் அது. எஜமானனுக்கு அதிகாரம் மட்டும் போதும். முதலாளி என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் பொறுப்பும் சேர வேண்டும். எங்கள் அணி இன்றைக்கு இந்த மேடையில் சொல்வதை 1875ஆம் ஆண்டே ஒரு நாடு சட்டமாக எழுதிவிட்டது. (கைதட்டல்)

நம்ம சென்னைக்கு வாங்க. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி. பெரம்பூர் பக்கம், பின்னி நிர்வாகத்தில் இருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். வாடியா தலைவர். நம் திரு.வி.க. அவர்கள் தோளோடு தோள் நின்றார். அவங்களால ஏன் முடிஞ்சது? ஆயிரக்கணக்கான பேர் ஒரே கேட்டில் நுழைஞ்சாங்க, ஒரே சங்கு ஊதினா வெளியே வந்தாங்க. எதிரே யார் முதலாளி என்பது எல்லாருக்கும் தெரியும். எங்க ஆரணி நெசவாளிக்கு கேட் எங்கே? சங்கு எங்கே? விடிஞ்சா தறிச் சத்தம்தான் சங்கு. அவரவர் வீட்டு வாசல்தான் கேட். முதலாளியை எதிர்த்துக் கோஷம் போடணும்னா, தன் வீட்டு வாசல்ல தானே நின்னு தனக்கே போட்டுக்கணும்! (சிரிப்பு)

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்ததைச் சொல்றேன். எங்க நைனா – எங்க பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம் – நெய்து முடித்த புடவையை வெள்ளைத் துணியில் சுத்தி எடுத்துக்கிட்டுப் போவார். நானும் கூடப் போவேன். முதலாளி பாயை விரிச்சு, புடவையைப் பிரிச்சு, வெளிச்சத்தில பிடிச்சுப் பார்ப்பார். நைனா மூச்சு விடமாட்டார். பரீட்சைத் தாள் திருத்தற வாத்தியார் முன்னால பையன் நிக்கற மாதிரி நிப்பார். ஒரு நாள் கரையோரம் ஓர் இழை.

"இன்னாப்பா இது, இழை அறுந்திருக்குது?"

"பாவிலேயே இருந்ததுங்க முதலாளி."

"பாவு நல்ல பாவு. கூலியில பிடிச்சுக்கறேன்."

அவ்வளவுதான். அடுத்த வரி பேச நைனாவால முடியாது. ஏன்னா முன்பணம் வாங்கியிருக்கார். அக்கா கல்யாணத்துக்கு வாங்கினது. கூலியில மாசாமாசம் கழியும், ஆனா தீராது. முன்பணம் இருக்கிற வரைக்கும் வேற முதலாளிகிட்ட போகவும் முடியாது. திருப்பிக் கொடுத்துட்டு விலகுகிற உரிமை கம்பெனி காலத்து நெசவாளிக்கு இருந்ததுன்னு சொன்னேனே, அது எங்க நைனாவுக்கும் இருந்தது. திருப்பிக் கொடுக்கப் பணம்தான் இல்லை!

நடுவர் அவர்களே, அந்தப் பாய் மேல நடந்ததுதான் இந்த வழக்குக்கு முக்கியமான சாட்சி. 'இது சரியில்லை, எடுத்துக்கிட்டுப் போ' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது? இதை நான் சொல்லவில்லை, உச்ச நீதிமன்றம் சொன்னது. 1973ஆம் ஆண்டு ஆந்திராவிலிருந்து ஒரு தையல் கடை வழக்கு வந்தது. தைத்த துணிக்குத்தான் கூலி. சில பேர் துணியை வீட்டுக்கும் எடுத்துப் போய்த் தைப்பாங்க. 'இவங்க என் வேலையாட்களே இல்லை'ன்னார் கடைக்காரர். நீதிமன்றம் என்ன சொன்னது? தைத்தது சரியில்லை என்று தள்ளுகிற உரிமை, பிரித்துத் திரும்பத் தை என்று சொல்கிற உரிமை உன்னிடம் இருக்கிறதே, அதுதான் கட்டுப்பாடு. அது இருக்கும்போது அவர்கள் உன் தொழிலாளர்கள்தான் என்று சொன்னது.

அதற்கும் முன்னால், 1957ஆம் வருஷத் தீர்ப்புத் தொகுப்பில் இன்னொரு வழக்கு. குஜராத் பக்கம் தரங்கதாரா என்ற இடத்தில் உப்பளம். உப்பு விளைவிக்கிறவர்களை அங்கே அகரியா என்பார்கள். பாத்தியைக் கம்பெனி கொடுக்கும். பருவத் தொடக்கத்தில் முன்பணம் கொடுக்கும். அகரியா குடும்பத்தோடு உழைப்பார், தேவையானால் தானே ஆள் வைத்துக்கொள்வார். விளைந்த உப்புக்குக் கணக்குப் போட்டுக் கூலி. அப்படியே ஆரணித் தறி மாதிரி இல்லே? பட்டுக்குப் பதில் உப்பு, அவ்வளவுதான். கம்பெனி 'இவர்கள் காண்டிராக்டர்கள்' என்றது. உச்ச நீதிமன்றம், 'இல்லை, இவர்கள் தொழிலாளர்கள்' என்றது.

இன்னொன்று சொல்றேன், இது எங்க பக்கத்து வீட்டுக் கதை. ஒரே வட ஆற்காட்டுச் சீமையில நாங்க பட்டு நெய்தோம், வேலூர், குடியாத்தம் பக்கம் தாய்மார்கள் வீட்டில உட்கார்ந்து பீடி சுத்தினாங்க. அங்கேயும் இலை, தூள் அவர் கொடுப்பார், பீடி இவங்க கொடுப்பாங்க. 1966ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர்களுக்கு என்றே மத்திய அரசு தனிச் சட்டம் போட்டது. வீட்டில் உட்கார்ந்து சுற்றினாலும் தொழிலாளிதான் என்று எழுதியது. 1985ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வீட்டில் பீடி சுற்றுகிறவர்களுக்கும் பிராவிடண்ட் பண்டு உண்டு என்று சொல்லிவிட்டது. வீட்டுத் திண்ணையில் இருந்தாலும் அந்தத் தாய்க்கு ஒரு முதலாளி உண்டு என்று சட்டம் கண்டுபிடித்துக் கொடுத்தது. நெசவுக் குழியில் இருக்கிறவருக்கு மட்டும் முதலாளி கண்ணுக்குத் தெரியாத தெய்வமா? (கைதட்டல்)

1948ஆம் ஆண்டு வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. ஒருவர் தன் வியாபாரத்துக்காகப் பொருளைக் கொடுத்து, இன்னொருவர் அதைத் தன் வீட்டில் வைத்துச் செய்து கொடுத்தால், அவரும் தொழிலாளி என்று எழுதியிருந்தார்கள். 1996ஆம் ஆண்டு உலகத் தொழிலாளர் அமைப்பு வீட்டில் இருந்து வேலை செய்கிறவர்களுக்கென்றே ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. இப்போது அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய ஊதியத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில், வீட்டிலிருந்து வேலை செய்கிற தொழிலாளி யார் என்று விளக்கம் இருக்கிறது. முதலாளிக்காகத் தன் வீட்டில் இருந்து பொருள் செய்து தருகிறவர் என்கிறது. கருவியையும் மூலப்பொருளையும் முதலாளி கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி என்கிறது. கவனிச்சீங்களா? முதல் யார் போட்டார் என்ற கேள்வியையே சட்டம் ஒதுக்கி வைத்துவிட்டது! எதிரணி நண்பர்களே, உங்கள் கட்சிக்கு இதைவிடப் பெரிய அடி வேறென்ன வேண்டும்?

'காகிதத்தில இருக்கறது தறிக்கு வந்ததா?'ன்னு கேட்கிறீங்க. அதைத்தான் நானும் கேட்கிறேன். பொறுப்பை யாரும் தலையில் ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கோர்வைப் புடவைக்கு இரண்டு பக்கமும் கரை. ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு கை வேணும். அந்தக் கை பல வீட்டில ஒரு குழந்தையின் கையாக இருந்தது. 1986ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் குடும்பத்தோடு செய்யும் தொழிலுக்கு விலக்கு வைத்தது. அந்தக் குழந்தையை வேலைக்கு வைத்தது யார்? முதலாளி சொன்னார், 'நான் குழந்தையை வைக்கலே, அதன் அப்பன் வெச்சான்.' அப்பன் சொன்னான், 'தனியாளா நெய்தா இந்தக் கூலியில முடியலியே.' புடவைக்கு உரிமை கொண்டாட மூணு பேர் இருந்தாங்க. அந்தப் பிள்ளை போகாத பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல ஒருத்தர் இல்லை.

(அரங்கில் அமைதி)

எதிரணியின் பலமான வாதம் ஒன்று உண்டு. அதை நான் மறைக்க மாட்டேன். 'நஷ்டம் வந்தா யாரும்மா தாங்கறது? முதலாளிதானே'ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. பெங்களூர் பக்கத்துப் பட்டு விலை ஏறும். சூரத் ஜரிகை விலை ஏறும். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் கல்யாணம் இல்லை. புடவை தேங்கும். எங்க ஊர் முதலாளிகளில் பல பேர் ஒரு காலத்தில் தறியில் உட்கார்ந்தவர்கள்தான். பெரிய ஊர்க் கடைக்காரர்களுக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பிவிட்டுப் பணம் வருமா என்று காத்திருக்கிறவர்கள்தான். அவர்களும் பாவம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனா ஐயா, நஷ்டத்தை அவர் மட்டுமா தாங்கறார்? சரக்கு தேங்கினா முதல்ல என்ன செய்யறார்? பாவு கொடுக்கறதை நிறுத்தறார். அந்த நிமிஷமே நஷ்டம் படி இறங்கி தறிக் குழிக்கு வந்துடுது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்ததே, அப்போது பார்த்தோமே! கல்யாணம் நின்றது, கடை மூடியது, தறி நின்றது. லாபம் வந்தா 'என் முதல், என் சாமர்த்தியம்'. நஷ்டம் வந்தா 'நாம எல்லாம் ஒரே குடும்பம்ப்பா, கொஞ்சம் பொறுத்துக்கோ'! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) ஒரே குடும்பம் என்றால் நான் வரவேற்கிறேன். ஆனா தீபாவளி அன்னிக்கும் அதே குடும்பமாக இருக்கணும் இல்லையா?

அந்த ஊரடங்கில் தன்னிடம் நெய்தவர்கள் வீட்டுக்கு அரிசி அனுப்பினவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெரிய பணக்காரர் இல்லை. சட்டம் அவரைக் கேட்கவில்லை, சங்கம் கேட்கவில்லை. 'என் பாவை நெய்த கை பட்டினி கிடந்தா அது என் கணக்குத்தானே'ன்னார். அவருக்கும் மற்றவருக்கும் முதலில் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் போட்டது பட்டும் ஜரிகையும்தான். ஆனா ஊர் இன்றைக்கும் இவரைத்தான் மனசார முதலாளின்னு கூப்பிடுது.

பார்பரா ஹாரிஸ்-வைட் என்ற ஆக்ஸ்போர்டு பேராசிரியை 1970களின் தொடக்கத்திலிருந்து எங்க ஆரணிக்கு வந்து வந்து ஆராய்ச்சி செய்தார். நாற்பது வருஷ மாற்றத்தை வைத்து 2016ஆம் ஆண்டு ஒரு புத்தகமே வந்தது. வெளிநாட்டு அறிஞருக்கு இந்தச் சின்ன ஊரில் என்ன இருக்கிறது? இந்தியாவில் பெரும்பாலான வேலை கேட்டும் போர்டும் இல்லாமல்தான் நடக்கிறது. அதை நேரில் பார்க்க ஆரணி மாதிரி ஊர்தான் வேண்டும். இன்றைக்கு உங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பையனும் அப்படித்தானே? வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது. எங்கே போகணும் என்று சொல்வது கம்பெனி. கேட்டால் 'அவர் எங்கள் ஊழியர் இல்லை, பங்குதாரர்'. எங்க நைனா இருந்தா சொல்லியிருப்பார்: 'இது நம்ம பாவுக் கணக்குதான்மா, போன்ல வந்திருக்குது.' (கைதட்டல்)

திருவள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அது வேலை செய்கிறவனுக்குச் சொன்ன புத்தியா? இல்லை. வேலை கொடுக்கிறவனுக்குச் சொன்னது. ஆளைப் பார்த்து, வேலையைப் பார்த்து, ஒப்படைத்த பிறகும் கவனிக்கச் சொல்கிற பாடம் அது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். முதல் என்பது பணம் மட்டும்தான் என்றால், வீட்டைக் கொடுத்த, தறியைக் கொடுத்த, கண்ணைக் கொடுத்த நெசவாளியும் முதல் போட்டவர்தான். எதிரணியின் கணக்குப்படி அவரும் முதலாளி ஆகிவிடுவார். அப்படி ஆகவில்லையே! ஆகவே முதல் போடுவதால் முதலாளி ஆவதில்லை. வேலையைத் தருகிறவர், நல்லது கெட்டது சொல்கிறவர், விலையைத் தீர்மானிக்கிறவர் எவரோ, அவர் அந்த வேலை செய்த மனிதரின் கூலிக்கும், கண் மங்கும் காலத்துக்கும், பிள்ளையின் படிப்புக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பதில் சொல்கிறவரே முதலாளி. பதில் சொல்லாதவர் எத்தனை கோடி போட்டாலும் வெறும் பணக்காரர். இந்த இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரிந்த நடுவர் நல்ல தீர்ப்பு வழங்குவார் என்று நம்புகிறேன்.

(நீண்ட கைதட்டல்)